பிளாக்கன்ட் டெத் மெட்டல்: புதுசா வந்ததுல எதுக்கு காசு கொடுக்கலாம்

முதல்லயே சொல்லிடறேன், எனக்கு பெஹிமோத் பேண்ட்னா உசுரு. அவங்களோட டெமிகாட் ஆல்பம் கேட்டு தான் இந்த பக்கமே வந்தேன், அதனால இதுல அவங்களை நாலு வார்த்தை திட்டினா வெறுப்புல எழுதறான்னு யாரும் கிளம்ப வேணாம், பங்காளி வீட்டு கல்யாணத்துல சாம்பார்ல உப்பு கம்மின்னு சொல்ற மாதிரி தான் இது, சாப்பிட்டுட்டு தான் சொல்றேன். கொஞ்ச வருஷமா இந்த வகையில வந்த ஆல்பங்கள்ல நாலஞ்சை திரும்பத் திரும்ப ஓட்டிட்டு எழுதறேன், வந்த எல்லாத்தையும் கேட்டு முடிச்சுட்டேன்னு கதை விடல, அது யாராலயும் ஆகாது. கேட்டதுல கடைசி வரைக்கும் கூட நின்னது நெக்ரோஃபோபிக் பேண்டோட இன் த ட்விலைட் க்ரே. 2024 மார்ச்ல வந்தது. அதுக்கப்புறம் 2025 மே மாசம் பெஹிமோத் புது ஆல்பமே இறங்கியும் அந்த நாற்காலிலேர்ந்து அது எழுந்திருக்கல.

பழக்கம் இல்லாதவங்களுக்கு மட்டும் ரெண்டு வரி, தெரிஞ்சவங்க அடுத்த பத்திக்கு போயிடுங்க. டெத் மெட்டல்னா கனம், கிடாரை நல்லா கீழ இறக்கி ட்யூன் பண்ணிட்டு, அடிவயித்துலேர்ந்து உறுமிட்டு, கசாப்புக் கடையில கட்டை மேல கத்தி விழற மாதிரி டக்கு டக்குனு வெட்டற ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வர்ற கிடார் துண்டு. பிளாக் மெட்டல்னா குளிர், கீச்சுனு கிழியற குரல், ஒரே தந்தியை மேலயும் கீழயும் விடாம அடிச்சு குளவிக்கூடு மாதிரி ரீங்காரம் கிளப்பற ட்ரெமலோ பிக்கிங், அதுக்கு மேல சாத்தான் சமாச்சாரம். ரெண்டையும் ஒரே பானையில போட்டா பிளாக்கன்ட் டெத் மெட்டல். கேட்க சுலபமா இருக்கு இல்ல, ஆனா அளவு தப்பினா போச்சு, கனம் ஜாஸ்தியானா அந்த குளிர் செத்துடும், குளிர் ஜாஸ்தியானா நெஞ்சுல இடிக்கற இடி வராது. நூத்துக்கு எண்பது பேண்ட் இந்த அளவுல தான் கோட்டை விடுறாங்க, மிச்சம் இருக்கறவங்கள்ல பாதி பேர் மிக்ஸிங்ல கோட்டை விடுறாங்க. நான் இதை எடை போடற தராசு ஒண்ணே ஒண்ணு தான், கேக்கும்போது லேசா பயமா இருக்கணும். வேகமா இருக்கு, டைட்டா இருக்கு, ட்ரம்மர் வெறித்தனம் எல்லாம் ரெண்டாவது.

பெஹிமோத்தும் நெக்ரோஃபோபிக்கும் இந்த வீட்டுக்குள்ள எதிரெதிர் வாசல் வழியா வந்தவங்க. பெஹிமோத் 1991ல போலந்துல க்டான்ஸ்க் பக்கம் ஆரம்பிச்சப்போ அசல் பிளாக் மெட்டல், காட்டுக்குள்ள பனி, ஓநாய், அந்த மாதிரி, அப்புறம் 1999ல சட்டானிகா வந்தப்போ தான் டெத் மெட்டல் கனம் முழுசா உள்ள வந்துச்சு. நெக்ரோஃபோபிக் 1989ல ஸ்டாக்ஹோம்ல ட்ரம்மர் யோக்கிம் ஸ்டெர்னர் இன்னொருத்தரோட சேர்ந்து ஆரம்பிச்ச பேண்ட், அந்த ஊர் அந்த நேரத்துல டெத் மெட்டல் ஊர், என்டூம்ட், டிஸ்மெம்பர் எல்லாம் சன்லைட் ஸ்டுடியோவுல அந்த மரம் அறுக்கற ரம்பம் மாதிரி கிடார் சவுண்டை கண்டுபிடிச்சிட்டு இருந்த காலம். அங்க இருந்துக்கிட்டே இவங்க 1993ல த நாக்டர்னல் சைலன்ஸ்னு ஒரு ஆல்பம் போட்டாங்க, டெத் மெட்டல் தான், ஆனா அடியில ஒரு கறுப்பு ஓடிட்டே இருக்கும். ஆக ஒருத்தர் குளிர்லேர்ந்து கனத்துக்கு போனார், இன்னொருத்தர் கனத்துலேர்ந்து குளிருக்கு போனார். இன்னிக்கு ரெண்டு பேர் புது ஆல்பத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு கேட்டா இந்த பழைய வாசல் இன்னும் தெரியுது, அது எனக்கு ரொம்ப சுவாரசியமா பட்டுச்சு.

பெஹிமோத்தோட புது ஆல்பத்தை பேசணும்னா அதுக்கு முன்னாடி 2014ல வந்த த சாட்டனிஸ்ட்டை பேசாம முடியாது, ஏன்னா அதுக்கப்புறம் இந்த வகையில யார் என்ன போட்டாலும் அதோட தான் ஒப்பிடறாங்க, அவங்களே போட்டாலும் அதே கதி தான். பெஹிமோத்ல பாடற நெர்கலுக்கு 2010 ஆகஸ்ட்ல ரத்தப் புற்றுநோய்னு தெரிஞ்சுது, எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை பண்ணி மீண்டு வந்து எழுதின ஆல்பம் அது. அட்டைப்படத்தை வரைஞ்ச ரஷ்ய ஓவியர் டெனிஸ் ஃபோர்காஸ் பெயின்ட்ல நெர்கலோட ரத்தத்தையே கலந்தார்னு சொன்னா சும்மா பப்ளிசிட்டிக்கு பண்ணதுன்னு தோணும், நானும் அப்படி தான் நினைச்சேன், ஆனா ஆல்பத்தை கேட்டப்போ அந்த கேலி வாய்லேர்ந்து வரல. மொத்தம் ஒன்பது பாட்டு, முக்கால் மணி நேரம் கூட இல்ல. முதல் பாட்டு மெதுவா நடந்து வரும், ஓடி வராது, அதுவே ஒரு தைரியம். அதுவரைக்கும் அவங்க ஆல்பம் எல்லாம் இண்டு இடுக்கு விடாம அடைச்சு வச்ச பரண் மாதிரி இருக்கும், இதுல முதல் தடவையா ஜன்னல் திறந்து விட்டாங்க, ஓரியனோட பேஸ் கிடார் தனியா காதுல விழுது, ஒரு பாட்டு நடுவுல எல்லாத்தையும் நிறுத்திட்டு போலிஷ்ல ஒருத்தர் பேசறார், சாக்ஸஃபோன் வருது. சாக்ஸஃபோன்! எழுதி காமிச்சா சிரிப்பா இருக்கும், கேட்டா சிரிப்பு வராது. கடைசி பாட்டு முடியும்போது சாவைப் பார்த்துட்டு வந்தவன் குரல்னு புரியும், அது நடிப்பா இருந்தாலும் நான் நம்பிட்டேன், இன்னிக்கும் நம்பறேன்.

அதுக்கப்புறம் 2018ல ஐ லவ்ட் யூ அட் யுவர் டார்க்கஸ்ட், குழந்தைங்க கோரஸ் எல்லாம் வச்சாங்க, சில பாட்டு அபாரம், சில பாட்டு நேரம் கடத்தறது. 2022ல ஓபஸ் கான்ட்ரா நாட்டுரம், இது பரவாயில்லை ரகம், அதுல கடைசி பாட்டு பியானோவோட அமைதியா ஆரம்பிச்சு ஏறும் பாருங்க, அந்த ஒரு பாட்டுக்காக நான் அதை வச்சிருக்கேன். அப்புறம் தான் 2025 மே மாசம் இந்த புதுசு, பேரு த ஷிட் ஓவ் காட்.

பேரு. சரி, பேரைப் பத்தி முதல்ல பேசி முடிச்சிடுவோம், ஏன்னா ஆல்பம் வர்றதுக்கு முன்னாடி எல்லாரும் அதைத்தான் பேசிட்டு இருந்தாங்க, அதுவே தான் பிளான் போல. சீண்டறதுக்குன்னே வச்ச பேரு, அதை மறைக்கவும் இல்ல அவங்க. போலந்துல இருந்துட்டு சர்ச்சை எதிர்த்து கத்தறதுக்கு ஒரு அர்த்தம் இருக்கு, அங்க மத உணர்வைப் புண்படுத்தினா தண்டனை உண்டுன்னு சட்டமே இருக்கு, 2007ல க்டினியாவுல மேடையில பைபிளைக் கிழிச்சதுக்கு நெர்கல் வருஷக்கணக்கா கோர்ட் ஏறி இறங்கினவர். அதனால கோவம் போலின்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா கோவத்தை இப்படி பாத்ரூம் சுவத்துல கரிக்கட்டையால எழுதற மாதிரி எழுதினா அது யாரையும் சுடாது, முகம் சுளிக்க வைக்கும், அவ்வளவு தான். த சாட்டனிஸ்ட்னு ஒத்த வார்த்தைல வச்ச பேருக்கு இருந்த கனம் இதுக்கு இல்ல. வீட்டுல யாராவது என்ன கேக்கறேன்னு கேட்டா பேரை சொல்ல கூச்சமா வேற இருக்கு, இந்த வயசுல.

பாட்டு? எட்டு பாட்டு, நாப்பது நிமிஷத்துக்குள்ள முடிச்சிடறாங்க, அது நல்ல முடிவு, இழுக்கல. ப்ரொட்யூசர் யென்ஸ் போக்ரென், ஓபெத், கட்டடோனியா, அமோன் அமார்த் எல்லாருக்கும் சவுண்ட் பார்த்த ஸ்வீடன்காரர், வேலை தெரிஞ்ச ஆள்னு முதல் பத்து செகண்ட்லயே தெரியும். எல்லாம் பளிச்சுனு இருக்கு. அதான் என் பிரச்சனையே. இன்ஃபெர்னோ 1997லேர்ந்து இந்த பேண்ட்ல ட்ரம் அடிக்கிறார், மனுஷன் பிளாஸ்ட் பீட் (மூச்சு விடாத அதிவேக அடி) அடிச்சா கிக்கும் ஸ்நேரும் மாறி மாறி மழைக்காலத்துல தகரக் கூரை மேல ஆலங்கட்டி விழற மாதிரி விழும், ஆனா இங்க ஒவ்வொரு அடியும் ஒரே அளவு, ஒரே உயரம், ஃபேக்டரில அச்சு வார்த்த மாதிரி. ஆலங்கட்டி மழைல ஒண்ணு பெருசா விழும் ஒண்ணு சிறுசா விழும், அதுல தானே பயம், அடுத்தது எங்க விழும்னு தெரியாதது தானே பயம். கிடாரும் குரலும் கோரஸும் எல்லாமே முன்வரிசையில வந்து உக்காந்துட்டா பின்னாடி இருட்டுல யார் நிக்கறா? யாரும் இல்ல. மேடை முழுக்க லைட்டு.

அதுக்காக மோசம்னு சொல்லல. முதல் பாட்டு த ஷேடோ எலீட் கச்சேரிக்குன்னே செஞ்சது, கூட்டம் கை தூக்கி கத்தறது ரெக்கார்டிங்லயே கேக்கற மாதிரி இருக்கும். சோயிங் சால்ட் வேகமா வந்து அடிச்சுட்டு போயிடும், பழைய பெஹிமோத் ரசிகனுக்கு அது பிஸ்கட். ஓ வீனஸ், கம்னு ஒண்ணு இருக்கு, நடுத்தர வேகம், இழுத்து இழுத்து போகும், அதுல தான் நெர்கல் எழுத்து இன்னும் தேயலன்னு தெரிஞ்சுது, ஆல்பத்துல நான் தனியா எடுத்து திரும்ப கேக்கறது அது ஒண்ணு தான். டைட்டில் பாட்டு எனக்கு வேலை செய்யல, அந்த வரியை கோரஸா கத்தும்போது வாயை மூடிட்டு ரிஃப்பை மட்டும் வாசிங்கடான்னு இருந்துச்சு. மொத்தத்துல, நேர்ல மேடையில பார்த்தா பிரமாதமா இருக்கும், ராத்திரி பதினோரு மணிக்கு லைட்டை அணைச்சுட்டு தனியா கேட்டா ஒண்ணும் ஆகாது. எனக்கு ரெண்டாவது தான் வேணும்.

இப்போ நெக்ரோஃபோபிக்.

இன் த ட்விலைட் க்ரே அவங்களோட பத்தாவது ஆல்பம், சென்சுரி மீடியா வெளியிட்டது. இந்த பேண்டோட கதையே விட்டுட்டு போறதும் திரும்பி வர்றதும் தான். முதல் ஆல்பத்துல பாடின ஆண்டர்ஸ் ஸ்ட்ரோகிர்க் அதோட போயிட்டார், ரெண்டு பத்து வருஷம் கழிச்சு 2014ல திரும்பி வந்தார், கிடார்ல செபாஸ்டியன் ராம்ஸ்டெட்டும் யோஹான் பெர்கெபாக்கும் நடுவுல கொஞ்ச காலம் இல்லாம இருந்துட்டு திரும்ப வந்து சேர்ந்தாங்க. பொதுவா இப்படி பழைய ஆளுங்க ஒண்ணு கூடினா ரீயூனியன் டூர் அடிச்சு காசு பார்த்துட்டு கலைஞ்சுடுவாங்க, இவங்க 2018ல மார்க் ஆஃப் த நெக்ரோகிராம், 2020ல டான் ஆஃப் த டேம்ன்ட், 2024ல இதுன்னு வரிசையா மூணு ஆல்பம் போட்டு ஒவ்வொண்ணுலயும் ஒரு படி ஏறியிருக்காங்க. முப்பது வருஷத்துக்கு மேல ஆன பேண்ட் இப்போ தான் தன்னோட உச்சத்துல இருக்குன்னு சொன்னா நம்ப மாட்டீங்க, கேட்டுட்டு வந்து சண்டை போடுங்க.

என்ன வித்தியாசம்னு நான் ரொம்ப நாள் யோசிச்சேன். வேகத்துல இவங்க ஒண்ணும் பெஹிமோத்தை மிஞ்சல, பல இடத்துல மெதுவா தான் போறாங்க. புதுமையும் கிடையாது, சாக்ஸஃபோன் கிடையாது, குழந்தைங்க கோரஸ் கிடையாது. இருக்கறது ராகம். ஆமா, மெலடின்னு சொல்றதை விட ராகம்னே சொல்றேன், ஏன்னா இவங்களோட கிடார் லைன்ஸ் நிறைய ஹார்மோனிக் மைனர் ஸ்கேலை சுத்தி சுத்தி வரும், அது நம்ம கணக்குல கீரவாணி ராகம். சின்ன வயசுல பாட்டு க்ளாஸ் போயிட்டு பாதியில ஓடி வந்தவன் நான், ஆனா அந்த மேல் நிஷாதம் காதுல விழுந்தா இன்னும் உள்ள ஏதோ அசையுது. நம்ம ஊர்ல கீரவாணியை உருக்கத்துக்கும் சோகத்துக்கும் எடுப்பாங்க, இவங்க அதையே பனி மேல தீ வச்ச மாதிரி எடுக்கறாங்க. டெத் மெட்டல்ல பொதுவா வர்ற அந்த சுத்த ரிஷபத்தை உரசற நெருடல் இன்னொரு வகை, அது தோடி பக்கம், மாயாமாளவகௌளை பக்கம் போகும், பெஹிமோத்தோட டெமிகாட் காலத்து ரிஃப்பை எல்லாம் கேட்டா கோயில்ல நாதஸ்வரக்காரர் கோவமா வாசிக்கற மாதிரி எனக்கு இருக்கும். இதை நான் ரொம்ப இழுக்க விரும்பல, ஸ்வீடன்காரன் யாரும் மேளகர்த்தா படிச்சுட்டு வரல, ஸ்வரம் ஏழு தான், எங்க சுத்தினாலும் எங்கயாவது இடிக்கும். ஆனா இந்த சத்தத்துல என்னடா இருக்குன்னு கேக்கற நண்பனுக்கு நான் இதைத்தான் சொல்றது, சத்தத்தை விட்டுட்டு கிடாரை மட்டும் வாயால முணுமுணுத்து பாரு, பாட்டு இருக்கும்.

ஆஸ் ஸ்டார்ஸ் கொலைட்னு ஒரு பாட்டு, பழைய எண்பதுகள் ஹெவி மெட்டல் நடை, குதிரை ஓட்டம் மாதிரி, அதுல கோரஸ் மூணாவது தடவை வரும்போது நீங்களே கத்துவீங்க. அதுக்கு அடுத்து ஸ்டார்ம்க்ரோ, இது நேர் எதிர், வாசலைத் திறந்ததும் முகத்துல அறையற பிளாஸ்ட் பீட், ஆனா அறை விழற வேகத்துலயும் ராம்ஸ்டெட்டோட லீட் கிடார் தெளிவா ஒரு கோடு இழுத்துட்டே போகும் பாருங்க, அங்க தான் மனுஷன் மேல மரியாதை வந்துச்சு. இந்த வகையில சோலோன்னா நிறைய பேர் கை வேகத்தை காமிக்கற சர்க்கஸ் தான் பண்ணுவாங்க, இவர் சோலோ வாசிச்சா அது பாட்டுக்குள்ள இன்னொரு பாட்டு, எங்க ஆரம்பிச்சு எங்க முடியணும்னு தெரிஞ்சு வாசிக்கறார். ஷேடோஸ் ஆஃப் த ப்ரைட்டஸ்ட் நைட் கொஞ்சம் நீளம், ஏறி இறங்கி ஏறும், முதல் தடவை கேட்டப்போ நடுவுல ஃபோன் பார்த்துட்டேன், மூணாவது தடவை தான் அது என்ன பண்ணுதுன்னு புரிஞ்சுது, இப்போ அது தான் ஆல்பத்தோட முதுகெலும்புன்னு சொல்வேன். அப்புறம் நோர்டன்விண்ட், ஸ்வீடிஷ்ல வடக்கேர்ந்து வீசற காத்து, அதாவது வாடை. பேரைப் பார்த்ததும் சிரிச்சுட்டேன், நம்ம ஆளுங்க வாடைக்காத்துன்னா பிரிஞ்சு போன புருஷனை நினைச்சு ஏங்கற பொண்ணைப் பாடினாங்க, இவங்க அதே காத்துக்கு டபுள் பேஸ் ட்ரம் போட்டிருக்காங்க.

முக்கியமா சவுண்ட். சுத்தமா இருக்கு, ஆனா துடைச்சு வச்ச சுத்தம் இல்ல. ஸ்டெர்னர் ட்ரம்ல அங்கங்க மனுஷன் கை தெரியுது, கிடார் ரெண்டும் ரெண்டு பக்கமும் நின்னு ஒண்ணோட ஒண்ணு பேசறது கேக்குது, ஸ்ட்ரோகிர்க் குரல் ரெண்டடி பின்னாடி நின்னு கத்தற மாதிரி வச்சிருக்காங்க, அதனால அது உங்களைத் தேடிட்டு வர்ற மாதிரி இருக்கு. அவர் குரலும் ஒரு விஷயம், உறுமலும் இல்ல கீச்சலும் இல்ல, நடுவுல ஒரு காய்ஞ்ச குரல், தொண்டையில மணல் போட்டு அரைச்ச மாதிரி, அதனால வார்த்தை பாதி புரியும். குறைன்னா ஆல்பம் கொஞ்சம் நீளம், ரெண்டாம் பாதியில ஒரு பாட்டை எடுத்திருந்தா இன்னும் இறுக்கமா இருந்திருக்கும், பாட்டு வரிகள் ரொம்ப சுமார், நரகம் நட்சத்திரம் இருட்டுன்னு அதே இருபது வார்த்தையைக் குலுக்கி போட்டிருக்காங்க, அதை எதிர்பார்த்து யாரும் இங்க வரல, இருந்தாலும் சொல்லணும் இல்ல.

அதே 2024 மார்ச்ல தான் உல்டிமாஸ் பேண்டோட எபிக் ஆல்பமும் வந்துச்சு. ஆள் லிஸ்ட் பார்த்தா எச்சில் ஊறும், மார்பிட் ஏஞ்சல்ல இருந்த டேவிட் வின்சென்ட் குரல், மேஹெம்ல இருந்த பிளாஸ்ஃபெமர் கிடார், க்ரிப்டாப்சியோட ஃப்ளோ மூனியே ட்ரம். இப்படி மூணு பெரிய சமையல்காரர் சேர்ந்தா பொதுவா சாப்பாடு கெட்டுடும், இது கெடல, ஆனா பசியும் அடங்கல. வின்சென்ட் நடுவுல கவ்பாய் தொப்பி போட்டுட்டு கன்ட்ரி பாட்டு பாடப் போனவர், அந்த வாசனை இதுல அடிக்குது, உறுமறதை குறைச்சுட்டு பழைய படத்து வில்லன் மாதிரி நிதானமா பாடறார், எனக்கு அது பிடிச்சிருந்துச்சு, என் நண்பன் ஒருத்தன் தாங்க முடியாம பாதியில நிறுத்திட்டான். மூனியே மாதிரி ஒரு ட்ரம்மரை வச்சுக்கிட்டு நிறைய இடத்துல அவரை நடக்க விட்டிருக்காங்க, ஓட விடல, முதல் ஆல்பம் 2019ல வந்தப்போ இருந்த வெறி இதுல கம்மி. பிளாஸ்ஃபெமர் ரிஃப் மட்டும் ஒண்ணு ரெண்டு இடத்துல எலும்பைத் தொடும். ஒரு தடவை கேக்கலாம், காசு கொடுக்கணும்னு நான் சொல்ல மாட்டேன்.

போலந்துலேர்ந்தே இன்னொண்ணு, ஹேட். 1990லேர்ந்து இருக்காங்க, பாவம், என்ன பண்ணாலும் பெஹிமோத்தோட தம்பின்னே எல்லாரும் கூப்பிடுவாங்க. 2025 மே மாசமே பெல்லம் ரெஜிஸ்னு ஒண்ணு போட்டாங்க, அண்ணன் ஆல்பம் வந்த அதே நேரத்துல, அந்த டைமிங்லயே பாதி பேர் கவனிக்காம விட்டிருப்பாங்க. எனக்கு என்னமோ நேர்மையா சொன்னா ரெண்டையும் ஒரே வாரத்துல கேட்டப்போ இதுல தான் அதிகமா இருட்டு இருந்துச்சு. பெரிய மெலடி எல்லாம் எதிர்பார்க்காதீங்க, ஒரே மாதிரி போற மாதிரி தோணும், ஆனா அந்த ஒரே மாதிரில ஒரு மந்திரம் சொல்ற தன்மை இருக்கு, அரை மணி நேரம் விட்டுட்டா உள்ள இழுத்துடும். வேலை பார்த்துட்டே கேக்க ஏத்தது. ஆஸ்ட்ரியா பெல்ஃபெகோர் 2022ல போட்ட த டெவில்ஸ் இதுக்கு நேர் எதிர், அது வேலை செய்ய விடாது, ஆனா பாட்டு முடிஞ்சதும் என்ன கேட்டோம்னு ஞாபகமும் இருக்காது, அதை நான் தாண்டி போறேன்.

இந்த பேச்சுல சிங்கப்பூர் ருத்ராவை விட்டா எனக்கு தூக்கம் வராது. 1992லேர்ந்து இருக்காங்க, பாடற கதிர், ட்ரம் அடிக்கிற சிவா, பேரைக் கேட்டாலே நம்ம பக்கத்து வீடு. சாத்தானுக்கு பதிலா உபநிடதமும் அத்வைதமும் வச்சு டெத் மெட்டல், பிளாக் மெட்டல், த்ராஷ் மூணையும் கலந்து அவங்க வாசிக்கறதுக்கு வேதிக் மெட்டல்னு பேரு வச்சிருக்காங்க. 2005ல வந்த ப்ரம்மவித்யா: ப்ரைமார்டியல் ஐ தான் இன்னிக்கும் அவங்க உச்சம்னு நான் நினைக்கறேன், சமஸ்கிருத சுலோகம் ஓதிட்டே ரிஃப் உள்ள நுழையற இடங்கள் எல்லாம் ஒட்ட வச்ச மாதிரி இருக்காது, முளைச்ச மாதிரி இருக்கும். 2022ல எய்ட் மஹாவித்யாஸ் வந்துச்சு, நிறைய பேருக்கு வந்ததே தெரியாது. சவுண்ட் முரடு, பட்ஜெட் கம்மின்னு காதுக்கே தெரியும், பெஹிமோத் கேட்டு பழகின காதுக்கு முதல் பத்து நிமிஷம் கஷ்டமா இருக்கும். ஆனா பாருங்க, கடவுளைத் திட்டி வாசிக்கற ஐரோப்பாக்காரங்க ஆல்பம் மூணைக் கேட்டு வராத ஒரு சிலிர்ப்பு, நான் வேற நீ வேற இல்லைன்னு ஒருத்தர் அடித்தொண்டையில உறுமும்போது எனக்கு வந்துச்சு. சாவைப் பத்தி பேசறதுக்கு சாத்தான் தான் வேணும்னு யார் சொன்னது.

காசு விஷயம். இதெல்லாம் ஸ்ட்ரீமிங்ல கேக்கலாம், ஆனா மாசக் கட்டணம் கட்டி நீங்க கேக்கறதுல இந்த மாதிரி சின்ன பேண்டுக்கு போய் சேர்றது டீ குடிக்க கூட ஆகாது, அதனால பிடிச்சதை பேண்ட்கேம்ப் இணையதளத்துல வாங்கிடுங்க, அவங்க தங்களோட கமிஷனை விட்டுக்கொடுக்கற வெள்ளிக்கிழமைன்னு சில நாள் அறிவிப்பாங்க, அன்னிக்கு வாங்கினா இன்னும் நல்லது. எல்பி தட்டு வேணும்னா வெளிநாட்டுலேர்ந்து வர்ற செலவும் கஸ்டம்ஸும் சேர்ந்து ஆல்பம் விலையையே முழுங்கிடும். நான் ட்விலைட் க்ரே எல்பியை இங்க ஒரு ஆன்லைன் கடையில வாங்கினேன், பேரு வேணாம், அட்டைப்பெட்டிக்குள்ள ஒரு துண்டு பேப்பர் கூட வைக்காம அனுப்பியிருந்தாங்க, கவர் மூலை மடங்கி நாய் காது மாதிரி வந்துச்சு, மெயில் போட்டா மூணு வாரம் கழிச்சு வருந்துகிறோம்னு ஒரு வரி. நல்ல வேளை தட்டுக்கு ஒண்ணும் ஆகல.

எதுல கேக்கணும்னு கேப்பீங்க. ப்ளூடூத் ஸ்பீக்கர்ல மட்டும் வேணாம், அடியில இருக்கற எல்லாம் போயிட்டு மேல இருக்கற கீச்சு மட்டும் மிஞ்சும், அப்புறம் இது வெறும் இரைச்சல்னு நீங்களே சொல்வீங்க. ஒயர் வச்ச சாதாரண ஹெட்ஃபோன் போதும், வால்யூம் பாதிக்கு மேல வேணாம். நெக்ரோஃபோபிக்கை முதல் பாட்டுலேர்ந்து வரிசையா விடுங்க, ஷஃபிள் போடாதீங்க. பேருக்கு ஏத்த மாதிரி அந்தி நேரத்துல கேட்டு பார்த்தேன், மாடியில, விளக்கு போடறதுக்கு முன்னாடி. ஸ்டார்ம்க்ரோ ஓடும்போது பின்னாடி யாரோ வந்து நின்ன மாதிரி இருந்து திரும்பிப் பார்த்தேன், கொடியில காயப்போட்ட லுங்கி.